எதிர்த்திசையில் சுழன்ற அறுபது மோட்டார்கள்

அக்டோபர் 15, 2002, செவ்வாய்

இன்று காலை என்னுடைய தவறு ஒன்றைக் கண்டுபிடித்தேன். சிறியதுதான். மோட்டாரை எப்படிக் கட்டவேண்டும் என்று நான் எழுதித் தரும் அட்டைகளில், பத்தொன்பதாம் எண்ணில் சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறியைத் தலைகீழாக வரைந்திருக்கிறேன்.

எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் தெளிவாகும். எனவே வரிசையாக எழுதுகிறேன். எங்கள் பட்டறையில் இரும்பு அறுக்கும் கைமெஷினுக்கான மோட்டார்களைச் செய்கிறோம். மெஷினையும் நாங்களே பூட்டுகிறோம். செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற தியான், மோட்டாரை எப்போதும் கார்பன் பிரஷ் இருக்கும் முனை தன்னைப் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொள்வார். இந்த யோங்காங் ஊரில் எல்லாப் பட்டறைகளிலும் அப்படித்தான். ஆகவே அட்டையில் அம்புக்குறியும் அந்த முனையிலிருந்து பார்ப்பதுபோல்தான் வரையப்படும். போன வெள்ளிக்கிழமை, நான் போகும் தொழிற்பள்ளி மாலை வகுப்பில் வேறு மாதிரி சொன்னார்கள். தண்டு வெளியே நீண்டிருக்கும் மறுமுனையிலிருந்து பார்த்துத்தான் திசையைக் குறிக்கவேண்டும், அதுதான் நாடு முழுதுக்குமான தரவிதி என்றார்கள். இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். திங்கள் காலை புது மாதிரிக்கு அட்டை எழுதும்போது அம்பை அதன்படி திருப்பி வரைந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பட்டறையில் வேறு யாரும் அந்த வகுப்புக்குப் போவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று பத்து மணிக்குத் தியானின் பெஞ்சைக் கடந்தபோது அவர் மடியிலிருந்த மோட்டாரையும் எதிரே செருகியிருந்த அட்டையையும் ஒரே பார்வையில் பார்த்தேன். அவர் வெந்நீர் பிடிக்கப் போன நேரம் அம்புக்குறியை ரப்பரால் அழித்துப் பழைய வழக்கப்படி வரைந்தேன். அட்டைகளைப் பென்சிலில்தான் எழுதுவோம், முதலாளி யிங் அவற்றைத் திரும்பப் பயன்படுத்துவார். தட்டில் முடிந்த மோட்டார்கள் பன்னிரண்டு இருந்தன. அந்தப் பன்னிரண்டைப் பற்றி மட்டும் மதியச் சாப்பாட்டின்போது தியானிடம் சொல்லிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு ஒயர் நுனிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

மதியம் சொல்ல முடியவில்லை. முடியவில்லையா, சொல்லவில்லையா என்று இப்போது யோசிக்கிறேன். சண்டை வந்துவிட்டது.

சோதனை மேஜையில் இருப்பவர் லியாவ். முடிந்த மோட்டாரை ஓட்டிப் பார்த்துத் தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவது அவர் வேலை. இன்று தியான் போன வாரம் கட்டிய பழைய மாதிரி மோட்டார்கள் நான்கைத் தொட்டியில் போட்டதோடு, யாரும் திருட்டுத்தனமாகத் திரும்ப எடுத்து வைக்கக்கூடாதென்று காயிலைச் சுத்தியலால் நசுக்கியும் வைத்தார். தியானுக்கு எண்ணிக்கைக் கூலி. கையில் சோற்றுக் கிண்ணத்தோடு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"பாத்தா தெரியல? குப்பை."

"ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். பொறி பறக்குது. கோழி கிளறுன மாதிரி கட்டியிருக்க. மலையில மாட்டுக்குக் கயிறு கட்டுனவன் கையில காயிலக் குடுத்தா வேற எப்படி இருக்கும்?"

தியான் குய்சோ மாகாணத்து மலைக்காரர். கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இன்னொரு தரம் சொல்லு."

"மாட்டுக்குக் கயிறு..."

மீதியைச் சொல்வதற்குள் காயில் தட்டும் மரச்சுத்தி லியாவின் காதுமேல் விழுந்தது. லியாவ் ஒரு மோட்டார் கூட்டை எடுத்துத் தியானின் மூக்கில் அடித்தார். இருவரும் தரையில் உருண்டார்கள். வெட்டிய செம்புத் துணுக்குகள் முதுகில் குத்தியபடி உருண்டார்கள். லியாவின் கட்டைவிரல் தியானின் வாய்க்குள் போனது. வெளியே வந்தபோது நகம் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்மாடியிலிருந்து முதலாளி யிங் செருப்போடு இறங்கி வந்து இருவரையும் விலாவில் மாறி மாறி உதைத்தார்.

"ரத்தத்தத் தகடு மேல விடாதீங்கடா. துருப்பிடிக்கும்."

சிலர் சிரித்தார்கள். தியான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒருநாள் இல்ல ஒருநாள் உன் மூஞ்சிய உன் மெஷினே தின்னும்டா," என்றார். எல்லாரும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அவரிடம் போய் அம்புக்குறி பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை. மரச்சுத்தி அவர் கையிலேயே இருந்தது. நாளை காலை முதல் வேலையாகச் சொல்லிவிடவேண்டும்.

அக்டோபர் 16, புதன்

காலையில் சொல்லவில்லை. தியான் மூக்கில் பஞ்சோடு தாமதமாக வந்தார், யாரிடமும் பேசவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். எப்படியும் லியாவின் மேஜையில் தெரிந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு மோட்டாரின் தண்டிலும் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, சுவிட்சைத் தட்டி உடனே அணைத்து, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பார். எதிர்ப்பக்கம் சுற்றினால் தொட்டிக்குப் போகும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

புது மாதிரி மெஷின்கள் அறுபதும் திங்களன்று லாரி ஏறவேண்டும். மதியம் இரண்டு மணிக்கு முதலாளி லியாவிடம் வந்தார். "காகிதம் ஒட்டி விளையாடிக்கிட்டு இருக்காத. பழைய மோட்டார்தான், கூடு மட்டும்தான் புதுசு. நேரா பூட்டி வட்டு போட்டு ஓட்டு," என்றார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஏழு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன். மூன்று மணி பத்து நிமிடம். லியாவ் முதல் மெஷினில் அறுப்பு வட்டைப் பொருத்தி நட்டை முடுக்கினார். அந்த நட்டின் மரை, மெஷின் சரியான திசையில் சுற்றும்போது தானாக இறுகிக்கொள்ளும்படி வெட்டப்பட்டது. எதிர்த்திசையில் சுற்றினால் தானாகக் கழலும். நகம் போன கட்டைவிரலில் துணி சுற்றியிருந்ததால் மெஷினை மார்புக்கு அருகே பிடித்துக்கொண்டு மறுகையால் சுவிட்சைத் தட்டினார்.

வழக்கமான சீற்றம் வரவில்லை. சிறிய ஒரு கிரீச். நட்டு ஒரு பக்கம் பறந்தது. வட்டு மேஜை விளிம்பில் இறங்கி, ஒரு துள்ளு துள்ளி, லியாவின் தாடையிலிருந்து புருவம் வரை ஏறிப்போய், பின்னாலிருந்த மரக்கதவில் பாதி புதைந்து நின்றது. லியாவ் கத்தவில்லை. மெஷினைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முகத்தைத் தொட்டார், விரல்கள் கன்னத்துக்குள் போயின. அப்போதுதான் விழுந்தார்.

ஒரு பல் என் அட்டைக் கட்டின்மேல் கிடந்தது. நான்தான் அதைக் காகிதத்தில் மடித்து ஆஸ்பத்திரி வண்டியில் போட்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. இடது கண் இல்லை.

முதலாளி மெஷினைப் பிரித்துப் பார்த்தார். ஒயர் நுனிகள் தலைகீழாக இருந்தன. தியானின் பெஞ்சிலிருந்த அட்டையைப் பிடுங்கி மேலே தூக்கிக் காட்டினார்.

"அட்டை சரியா இருக்கு. நீ மாத்திப் போட்டிருக்க."

"அட்டையில போட்டிருந்த மாதிரிதான் போட்டேன்," என்றார் தியான். அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "திங்கக்கிழம வேற மாதிரி இருந்துச்சு."

"எழுத்து தெரியாதவன், எழுத்து மாறிப்போச்சுங்கறான்," என்று பிரஸ் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

"அம்பு எனக்குத் தெரியும். அம்பு வேற மாதிரி இருந்துச்சு."

"நேத்து நீ என்ன சொன்ன? அவன் மூஞ்சிய மெஷின் தின்னும்னு சொன்னியா இல்லையா?" என்றார் முதலாளி.

எல்லாரும் தியானையே பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் மேஜையில் அட்டைகளை எண்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று முதல் இருபத்தியாறு வரை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

வாயில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத முடிகிறது. எதையும் விடக்கூடாது.

லியாவின் அண்ணன் தாஹாய் மதியம் ஒன்றரைக்கு வந்தார். இரும்புச் சந்தையில் தகடு சுமக்கிற ஆள். கூட இருவர். மூவர் கையிலும் தண்ணீர்க் குழாய்த் துண்டுகள். தாஹாய் உள்ளே வந்ததும் முதலாளி யிங் போய் ஷட்டரை இறக்கினார். தடுக்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக இறக்கினார்.

"காயில்காரன் யாரு?" என்று தாஹாய் கேட்டார்.

எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. முதல் குழாய் தியானின் முழங்காலில் விழுந்தது. விழுந்தவரை முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்து வந்தார்கள். செம்புத் துணுக்குகள்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. கூட வந்தவர்களில் ஒருவன் தியானின் பெஞ்சை உதைத்துக் கவிழ்த்தான். கம்பிச் சுருள்கள் உருண்டோடின. இன்னொருவன் அவற்றை மிதித்தபடியே தியானின் முதுகில் அடித்தான். நெல் அடிப்பதுபோல் ஒரே சீராக அடித்தான்.

"முதுகு வேணாம். நிறுத்து," என்றார் தாஹாய். குனிந்து தியானின் முகத்தருகே கேட்டார். "காயில் எந்தக் கையில கட்டுவ?"

"ரெண்டு கையிலயும்."

"கம்பிய இழுத்துப் பிடிக்கிறது எது?"

தியான் இரு கைகளையும் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டார்.

"இடது," என்றார் முதலாளி.

கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்தைத் தண்டில் அழுத்தி ஏற்றும் கை பிரஸ்ஸுக்கு அவரைத் தூக்கி வந்தார்கள். இருவர் தோளைப் பிடித்துக்கொள்ள, தாஹாய் இடது ஆள்காட்டி விரலைப் பீடத்தில் நீட்டி வைத்தார். இந்த அட்டை வேலைக்கு வருமுன் நான் ஏழு மாதம் அந்தப் பிரஸ்ஸில் இருந்தவள். கைப்பிடி தோள் உயரத்துக்கு வரும்வரை, மேலிருந்து இறங்கும் அடிக்கட்டை எதையும் தொடாது. அதற்குப் பிறகு நான்கு விரற்கடைதான். இதை நான் எழுதுவது ஏனென்றால், எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"வேணும்னு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

"நான் செய்யலண்ணே. அட்டையில இருந்துச்சு."

"இல்லன்னு சொல்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரல். நல்லா யோசிச்சு சொல்லு."

"அட்டையில இருந்துச்சு."

கைப்பிடி இறங்கத் தொடங்கியது. தோள் உயரம் வந்தது. நான் எழுந்து நின்றிருந்தேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எட்டு வினாடி இருக்கும். பத்தாகவும் இருக்கலாம். கம்யூட்டேட்டர் தண்டில் ஏறி உட்காரும்போது வரும் அதே சின்ன 'டக்' சத்தம் வந்தது. அதன்பிறகு தியானின் குரல் வந்தது. அதை என்னால் எழுத முடியாது.

தாஹாய் கைப்பிடியை உயர்த்தி நடுவிரலை நேராக்கினார்.

"அட்டையை நான்தான் மாத்துனேன்," என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாரும் திரும்பினார்கள்.

"யாரு இவ?" என்றார் தாஹாய்.

"அட்டை எழுதற பொண்ணு. இஞ்சினியரம்மா," என்றார் முதலாளி. "சாயங்காலம் ஸ்கூலுக்குப் போறா. மூளை கலங்கியிருக்கு. ஏய் மெங், உக்காரு."

நான் உட்காரவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் குழல்விளக்குக்கு நேரே பிடித்தேன். பென்சிலை அழித்தாலும் அழுத்திய தடம் போகாது. புது அம்புக்கு அடியில் பழைய அம்பின் தடம் எதிர்ப்பக்கம் வளைந்து தெரிந்தது. "திங்கக்கிழமை நான் தப்பா வரைஞ்சேன். செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாம அழிச்சு வரைஞ்சேன். இவரு அட்டைப்படிதான் போட்டாரு."

முதலாளி என் கன்னத்தில் அறைந்து அட்டையைப் பிடுங்கினார். அது இரண்டாகக் கிழிந்தது. அட்டை தவறென்றால் தொழிற்சாலை தவறு. தியான் தவறென்றால் தியான் மட்டும். அவருடைய அவசரம் எனக்குப் புரிந்தது. தாஹாய்க்கும் புரிந்திருக்க வேண்டும். முதலாளியைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"இவன் உன் ஆளா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு இவனுக்காகப் பொய் சொல்ற?"

"பொய் இல்லண்ணே. மத்த மெஷினையும் ஓட்டிப் பாருங்க. உங்க தம்பியைப் பழி வாங்கணும்னு நினைக்கிறவன் ஒண்ண மாத்துவான். எல்லாத்தையும் மாத்த மாட்டான்."

சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். பன்னிரண்டு மட்டும்தான் தவறு என்பது என் கணக்கு. சரியான ஒன்று அவர் கையில் சிக்கினால் தியான் தொலைந்தார். பூட்டிய மெஷின்கள் அலமாரியில் அடுக்கியிருந்தன. தாஹாய் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். வட்டு போடாமல், தண்டில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சுவிட்சைத் தட்டி அணைத்தார். கோடு எதிர்ப்பக்கம் போனது. மேல் தட்டிலிருந்து இன்னொன்று. எதிர்ப்பக்கம். கடைசி மூலையிலிருந்து மூன்றாவது. அதுவும் எதிர்ப்பக்கம். தியானின் நடுவிரல் அதுவரையிலும் பீடத்தில்தான் இருந்தது. ஆள்காட்டி விரலிலிருந்து சொட்டும் சத்தம் ஒவ்வொரு மெஷினும் அடங்கியபின் கேட்டது.

"அறுபதும்," என்றார் தியான், பல்லைக் கடித்தபடி. "அட்டைய நான் ஒரு தரம்தான் பாப்பேன். முதல் மோட்டாருக்கு. அப்பறம் கை பாத்துக்கும்."

நான் செவ்வாயன்று அழித்து வரைந்ததை அவர் பார்க்கவே இல்லை. அந்த அட்டை அவருக்கு ஒன்றையும் திருத்தவில்லை. அவரைக் குற்றவாளியாக மட்டும் ஆக்கியது.

"ஓட்டிப் பாக்காமலா என் தம்பி வட்டு போட்டான்?" என்று தாஹாய் கேட்டார். "காகிதம் ஒட்டிப் பாப்பேன்னு வீட்டுல சொல்வானே."

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி ஷட்டரைப் பார்த்தார். ஆனால் ஷட்டரை இறக்கியது அவரேதான், சாவி கீழ்த்துளையில் இருந்தது. குனிந்து திறக்கப் போனவரைத் தாஹாய் முழங்கால் மடிப்பில் அடித்தார். விழுந்ததும் தோளில் ஒன்று. எலும்பு முறிகிற சத்தம் குழாய்ச் சத்தத்திலிருந்து வேறாகவே கேட்டது. பிறகு குழல்விளக்குகளை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினார். கண்ணாடித் தூள் எங்கள் தலையில் கொட்டியது. ஷட்டர் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம்தான் மிச்சம்.

தாஹாய் என்னிடம் வந்தார். "அப்ப, நீதான்."

"நான்தான்."

குழாயை ஓங்கினார். எனக்கு அது எங்கே விழும் என்று பார்க்கத் தோன்றியதே தவிர விலகத் தோன்றவில்லை. ஆனால் அடி வந்தது வேறு பக்கத்திலிருந்து. தோளைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தியான் வலது கையில் மரச்சுத்தியோடு வந்து என் வாயில் அடித்தார். விழுந்தேன். மேலே ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தார். அவருடைய இடது கை என் கழுத்தில் அழுந்தியது, சூடாக, வழுக்கிக்கொண்டு.

"ரெண்டு நாள்," என்றார். "ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தியேடி."

மூன்றாவது அடியைத் தாஹாய்தான் பிடித்தார். மரச்சுத்தியைப் பிடுங்கித் தூர எறிந்தார். "செத்துப்போவா. செத்தா என் தம்பிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். கிழிந்த அட்டையின் இரு துண்டுகளையும் ஓட்டிப் பார்த்த மூன்று மெஷின்களையும் எடுத்துக்கொண்டார். போகும்போது என்மேல் குனிந்து, "தம்பிக்குக் கட்டுப் பிரிக்கட்டும். உன்ன என்ன செய்யணும்னு அவன் சொல்லுவான். ஊரைவிட்டுப் போயிராத," என்றார்.

மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டன. மூன்றாவது ஆடுகிறது.

அக்டோபர் 18, வெள்ளி

ஷட்டர் இன்று திறக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து லியாவை வெட்டிய மெஷினை எடுத்துப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

காலையில் நான்கு முறை செருப்பை மாட்டிக் கழற்றிவிட்டு, ஐந்தாவது முறை புறப்பட்டு, கைக் காயங்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த ஊரில் விரல் போனவர்களுக்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரி. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கையில்தான் கட்டு. தியானுக்கு ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்களை எடுத்துவிட்டார்கள். முழங்கால் வீங்கியிருந்தது. நான் வாங்கிப்போன அரிசிக் கஞ்சியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு வந்த?"

மன்னிப்புக் கேட்டேன். உதடு ஒட்டவில்லை.

"வாயில பஞ்ச வச்சுக்கிட்டுப் பேசாத. ஒண்ணும் புரியல."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "யாரு, சம்சாரமா?"

"எதிரி," என்றார் தியான். பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தனை மிச்சம்?"

"ஐம்பத்தாறு. ஒன்னு போலீஸ்ல. மூணு தாஹாய் கிட்ட."

"நாளைக்குத் திறப்பானா?"

"ஏழு மணிக்கு. லாரி திங்கள்தான்."

அவர் எதற்குக் கேட்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் பட்டறையில் காலை ஏழு மணிக்கு மணி அடிக்கும்போது பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, பெஞ்சு அவருடையது. காலியாக இருந்தால் வாசலில் நிற்பவர்களில் முதல் ஆளுக்குப் போகும். காய்ச்சலென்றாலும் சாவென்றாலும் அதுதான் வழக்கம். விரல் போன காயில்காரனுக்கு வேறெந்தப் பட்டறையும் பெஞ்சு தராது. வாசலில் வேலை தேடி ஹெனான் மாகாணத்து ஆட்கள் மூன்று பேர் புதன்கிழமையிலிருந்தே நிற்கிறார்கள்.

"டாக்டரு பத்து நாள்ங்கறாரு. நடுவிரலால இழுத்துப் பழகிக்குவேன். அதுவரைக்கும் என் பெஞ்சுல உக்காரு."

"நானா?"

"பின்ன யாரு, இவரா?" பக்கத்துக் கட்டில்காரருக்கு இரண்டு கையிலும் கட்டு.

"எனக்குக் காயில் கட்டத் தெரியாதே."

"கட்டாத. நான் கட்டுனதுல கை வைக்காத. நுனி ரெண்டையும் மாத்திப் பத்தவை, அவ்வளவுதான். ஐம்பத்தாறையும். மெதுவா செய், பத்து நாளுக்கு இழு. பதினோராம் நாள் நான் வந்து நிப்பேன், எந்திரிச்சுப் போயிரு."

"தாஹாய் வந்தா?"

"வந்தா உக்காந்துக்கிட்டே அடி வாங்கு. எந்திரிச்சா பெஞ்சு போச்சு."

லாரி திங்களன்று என்பதால் பத்து நாளுக்கு இழுக்க முடியாது என்று சொன்னேன். அப்படியானால் முடித்துவிட்டுச் சும்மாவாவது உட்கார்ந்திரு என்றார். கஞ்சியைத் தொடவில்லை. நான் எழுந்தபோது, "அட்டையில எந்தப் பக்கமிருந்து பாக்கணும்னு எழுத்துல எழுதக்கூடாதா? வெறும் அம்பு போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். எழுதியிருந்தாலும் அவரால் படித்திருக்க முடியாது என்பது வெளியே வந்தபின்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கும் அது தெரியும்தானே.

திரும்பும் வழியில் முதலாளி வீட்டுப் படியேறினேன். தோளில் மாவுக்கட்டோடு படிமேல் நின்றார்.

"அட்டை மேஜைப் பக்கம் வந்த, காலை உடைப்பேன்."

"பெஞ்சுக்கு வரலாமா? தியான் அண்ணன் இடத்துக்கு."

"எவன் வேணா உக்காரட்டும், பேய் வந்து உக்காரட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஐம்பத்தாறும் நேரா சுத்தணும். இல்லன்னா மிச்சப் பல்லையும் நானே எடுக்கறேன்."

ஏழு மாதம் பிரஸ், ஐந்து மாதம் அட்டை. பற்றவைக்கும் இரும்பை இதுவரை வகுப்பில் இரண்டு முறைதான் பிடித்திருக்கிறேன். ஒரு மோட்டாருக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் ஐம்பத்தாறுக்குப் பத்தொன்பது மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு நாளில் முடியும். பற்றவைப்பில் பிசகினால் முடியாது. லியாவுக்கு எப்போது கட்டுப் பிரிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாளை, சனி: ஆறேகாலுக்கு வாசலில், ஹெனான் ஆட்களுக்கு முன்னால் நிற்கவேண்டும். கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்தி ஆறு ஐம்பதுக்குள் உட்காரவேண்டும். மேல் தட்டின் இடது மூலையிலிருந்து முதல் மெஷினை எடுத்து, கூட்டைத் திறந்து, கார்பன் முனையை என் பக்கம் வைத்து, வெள்ளை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைக்கவேண்டும். வட்டு போடாமல், காகிதம் ஒட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும்.